மாரிமுத்துவின் பித்தளை மணி

அந்த போலீஸ் ஸ்டேஷனின் மேஜை மேல் எங்கள் மணி படுத்துக் கிடந்தது. கழுத்தில் நூல் கட்டி ஒரு வெள்ளை அட்டையைத் தொங்கவிட்டிருந்தார்கள். பக்கத்தில் பாதி குடித்த டீ கிளாஸ், இன்ஸ்பெக்டரின் தொப்பி, யாரோ கடித்து வைத்த வர்க்கி. வெளியே மழை விட்டு ஓட்டுக்கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே ஈரச் சாக்கு நாற்றம்.

"பெரியவரே, இது என்னன்னு தெரியுமா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"தெரியுமுங்க. மணி."

"மணியா? இது பீரங்கிக் குண்டு."

"குண்டு போனதுக்கப்புறம் மிச்சமான காலி ஓடுங்க. அது காலியாகி அம்பது வருசத்துக்கு மேல ஆச்சு. அடியில பாருங்க, ஓட்டை போட்டுக் கயிறு கோத்திருக்குது. வாய்ப்பக்கமா கண்ணை வெச்சுப் பாத்தா உங்க காலண்டர் தெரியும்."

அவர் பார்க்கவில்லை. நான் எடுத்துப் பார்த்துக் காட்டலாமென்று கையை நீட்டினேன். பக்கத்தில் நின்ற ஏட்டு ஓரடி பின்னால் போனார். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏனென்றால் வெளியே வராந்தா பெஞ்சில், செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கைகளைத் தொடைக்கு நடுவே இடுக்கிக்கொண்டு மாரிமுத்து உட்கார்ந்திருந்தான். எழுபது தாண்டியவன். இந்த நாட்டின் எண்ணெய்த் தொட்டிகளைக் காத்த பீரங்கிக்குக் குண்டு திணித்தவன். அவன் பெயரில் இப்போது வெடிபொருள் வைத்திருந்ததாக ஒரு வழக்கு.

இந்த அத்தியாயத்தை எழுத வேண்டாம் என்று என் மனைவி ரீத்தா சொல்லிப் பார்த்தாள். பிரஷர் மாத்திரை போடுகிற ஆளுக்கு இது ஆகாது என்றாள். மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

ஒரு வாசகரின் கேள்வி

சென்ற வாரம், தகரப் பெட்டியோடு குன்னூர் ஸ்டேஷனில் ரயிலேறிப் பட்டாளத்துக்குப் போன கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகர் பத்திரிகைக்குப் போன் செய்து கேட்டாராம். "அவர் இருந்தது விமான எதிர்ப்புப் படை என்கிறாரே, மொத்தம் எத்தனை விமானத்தை வீழ்த்தினார்கள்?"

பதில் சொல்லிவிடுகிறேன். ஒன்றுகூட இல்லை.

இந்தக் கேள்வி என் காதில் விழுவது இது முதல் தடவை இல்லை. சர்ச் வாசலில் கேட்டிருக்கிறார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் கேட்டிருக்கிறார்கள். பின்னால் எங்கள் படையைக் கலைத்தபோது மேலே இருந்தவர்களும் இதைத்தான் கேட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். விழுந்த விமானத்தைப் படம் எடுக்கலாம். விழாமல் போன குண்டை யார் படம் எடுப்பது? ஊர் எரியாமல் இருந்ததற்கு மெடல் கொடுக்க எந்த அரசாங்கத்துக்கும் வழி தெரியாது.

எங்கள் ரெஜிமென்ட் எண்ணை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினாலும் தேடிப் பார்க்க இடமில்லை. பாதிப் பேர் கோயம்புத்தூர்ப் பக்கத்தார், கொஞ்சம் பேர் நீலகிரிக்காரர்கள். சமாதான நாளில் வருடத்துக்குச் சில மாதம் சீருடை, மீதி மாதம் அவரவர் வேலை. யுத்தம் வந்தால் முழுநேரம். நான் தேயிலை பாக்டரியில் பிட்டர். மாரிமுத்து கூடலூர்ப் பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் செடிகளுக்குக் கவாத்து வெட்டுகிறவன்.

பிரட்டு

மாரிமுத்துவின் குடும்பம் சிலோனிலிருந்து கப்பலேறித் திரும்பி வந்த குடும்பம். அவன் மீசை முளைக்கிற வயதில் வந்தவன். அங்கே தேயிலைத் தோட்டத்தில் காலையில் ஆட்களை வரிசையாக நிற்க வைத்துப் பெயர் கூப்பிடுவதற்குப் பிரட்டு என்று பெயர். பட்டாளத்தில் சேர்ந்த முதல் நாள் காலையில் விசில் ஊதியதும் இவன் கூடாரத்துக்குள் தலையை நீட்டி, "பிரட்டுக்குக் கூப்பிடுறாங்க, எந்திரிங்க" என்றான். கூடாரமே சிரித்தது. ஆனால் அந்த வாரம் முடிவதற்குள் எல்லோருக்கும் அது பிரட்டுதான். பஞ்சாபி சுபேதார்கூட "பரட்டு, பரட்டு" என்று கத்துவார்.

எங்கள் பீரங்கி நாற்பது மில்லிமீட்டர். ஒருவன் கைப்பிடியைச் சுற்றிக் குழலை இடம் வலமாகத் திருப்ப வேண்டும். இன்னொருவன் மேலும் கீழுமாக. அந்த இரண்டாவது ஆள் நான். நாலு நாலாகக் கோத்த குண்டுகளை மேலிருந்து திணிப்பவன் மாரிமுத்து. சுடும்போது காலி ஓடுகள் முன்பக்கமாக உருண்டு விழும், தொட்டால் கை வெந்துபோகும். சுட்டு முடித்ததும் பெரிய கொடுமை அந்த ஓடுகளைப் பொறுக்குவதுதான். ஒரு ஓடு குறைந்தாலும் மொத்த ஆட்களையும் புல்லுக்குள் முட்டிபோட்டுத் தேட வைப்பார்கள். எதிரியைவிட அந்தப் பித்தளைக் கணக்குக்குத்தான் நாங்கள் அதிகம் பயந்தோம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் பீரங்கியில் அந்தக் கணக்கிலிருந்து சட்டப்படி விலக்கப்பட்ட ஒரே ஓடு எங்கள் மணிதான். கடற்கரையில் முதல் பயிற்சியில் முதலாவதாகச் சுட்ட குண்டின் ஓடு அது. அடியில் துளைபோட்டு, கயிறு கோத்து, பீரங்கிக்குப் பக்கத்தில் ஒரு கம்பத்தில் தலைகீழாகத் தொங்கவிட்டிருந்தோம். ஒவ்வொரு பீரங்கிக்கும் இப்படி ஒன்று உண்டு. ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் காவல்காரன் எதையாவது கண்டால் இரும்பு போல்ட்டால் விடாமல் அடிக்க வேண்டும். ஆபத்து நீங்கியதும் இடைவெளி விட்டு மூன்று அடி. அதற்கு ஆல் கிளியர் என்று பெயர். துளை விழுந்த அந்த ஓட்டைத் தோட்டா என்று சொல்லப் பட்டாளத்துக்கே மனம் வரவில்லை. நம் ஊர் ஸ்டேஷனுக்கு அந்த மனம் வந்திருக்கிறது.

பெள்ளியின் டீ கெட்டில்

யுத்த வருடத்தில் எங்களை மேற்கே ஒரு துறைமுக ஊருக்குக் கொண்டுபோனார்கள். கடலோரம் சேறு, உப்பளம், அதற்கு நடுவில் பெரிய பெரிய எண்ணெய்த் தொட்டிகள். அவற்றைச் சுற்றி எங்கள் பீரங்கிகள். குளிரில் வளர்ந்த எங்களுக்கு அந்த உப்புக்காற்று ஒத்துக்கொள்ளவில்லை. உதடு வெடித்து, காது மடலெல்லாம் தோல் உரிந்தது.

எங்கள் சமையல்காரன் கேத்தியைச் சேர்ந்த பெள்ளி. படுகர். காரட் தோட்டத்தை அண்ணன் கையில் விட்டுவிட்டு வந்தவன். பீரங்கியை விட்டு நாங்கள் நகர முடியாது என்பதால் பெரிய அலுமினியக் கெட்டிலில் டீயை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பீரங்கியாக வருவான். சர்க்கரை தட்டுப்பாடான நாட்களில் எங்களுக்கு மட்டும் கொஞ்சம் அதிகம் போடுவான். நீலகிரிப் பாசம்.

ஒரு நாள் சாயங்காலம். சூரியன் கடலில் இறங்கிக்கொண்டிருந்தது. காவல் மாரிமுத்து. திடீரென்று மணியை அடிக்க ஆரம்பித்தான். கடலை ஒட்டித் தாழ்வாக ஒரு விமானம் வந்துகொண்டிருந்தது. எண்ணெய் டிப்போவின் சைரன் ஊதவில்லை. கரண்ட் இல்லை. அன்றைக்கு அந்த ஊருக்குக் கிடைத்த ஒரே எச்சரிக்கை மாரிமுத்துவின் பித்தளை. தொட்டிகளுக்கு நடுவில் வேலை செய்த ஆட்கள் அதைக் கேட்டுத்தான் குழிகளில் குதித்தார்கள்.

சுட்டோம். வானத்தில் கறுப்புக் கறுப்பாகப் புகை பூத்தது. அந்த விமானி அதற்குள் நுழைய விரும்பவில்லை. முன்னாடியே குண்டுகளை விட்டுவிட்டுத் திரும்பிவிட்டான். அவை சேற்றில் விழுந்து எங்கள் மேல் எல்லாம் சேறு மழையாகக் கொட்டியது. ஒரு தொட்டிகூட எரியவில்லை.

பிறகு அமைதி. மாரிமுத்து கடலைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் ஆல் கிளியர் அடிக்கவில்லை. ஆனால் டிப்போ வாசலில் யாரோ ஒரு வாட்ச்மேன், சத்தம் நின்றுவிட்டதே என்று அவனாகவே அங்கிருந்த தண்டவாளத் துண்டில் மூன்று தட்டு தட்டினான். ஆட்கள் குழியிலிருந்து ஏறினார்கள். பெள்ளி சமையல் கூடாரத்திலிருந்து கெட்டிலோடு வெளியே வந்தான்.

"இன்னும் அடிக்கலை, உள்ள போங்க, நான் இன்னும் அடிக்கலை" என்று மாரிமுத்து தொண்டை கிழியக் கத்தினான். அதற்குள் சூரியன் பக்கத்திலிருந்து இரண்டாவது விமானம் வந்துவிட்டது.

பெள்ளி எங்கள் பீரங்கிக்கு வந்துசேரவில்லை. கெட்டில் மட்டும் உருண்டு வந்து மணல் மூட்டையில் இடித்து நின்றது. மூடி கழலவே இல்லை. உள்ளே டீ சூடாக இருந்தது. யாரும் குடிக்கவில்லை.

அன்றிலிருந்து எங்கள் ரெஜிமென்டில் ஒரு சட்டம் வந்தது. மேஜர் எல்லோரையும் நிறுத்தி வைத்துச் சொன்னார். எந்த ஆள் ஆபத்து மணி அடிக்கிறானோ அதே ஆள்தான் ஆல் கிளியரும் அடிக்க வேண்டும். வேறு யாரும் தொடக்கூடாது, கர்னலாக இருந்தாலும் சரி. அவன் அடிக்கும்வரை ஒருவரும் வெளியே வரக்கூடாது. வேறு எந்தப் படையிலும் இப்படி ஒரு சட்டம் இருந்ததாக நான் கேள்விப்படவில்லை. இது பெள்ளியின் ரத்தத்தில் வந்த சட்டம். கலைக்கப்படும்வரை ஒரு தடவைகூட நாங்கள் அதை மீறவில்லை.

கலைத்த நாள்

தொண்ணூறுகளில் ஒரு நாள் எங்களைச் சமவெளியில் ஒரு மைதானத்துக்கு வரச்சொன்னார்கள். மேலிருந்து வந்த ஓர் அதிகாரி, கையில் வைத்திருந்த காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல் படித்தார். காலம் மாறிவிட்டதாம். இனி ஏவுகணைகளாம். பழைய பீரங்கிகள் தேவையில்லையாம்.

பீரங்கி பழசு என்றால் பீரங்கியை மாற்று. ஆட்களை எதற்குக் கலைக்கிறாய்? அன்றைக்கு வரிசையில் நின்றுகொண்டு நான் மனதுக்குள் இதைத்தான் கேட்டேன். இன்றும் கேட்கிறேன். வேறொரு படையோடு சேர்த்திருந்தால் எங்கள் எண் ஒரு கதவிலாவது இருந்திருக்கும். எங்களை அப்படியே அழித்துவிட்டார்கள். மெஸ்ஸில் மாட்டியிருந்த போட்டோக்கள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியாது. அதில் ஒன்றில் பெள்ளி கரண்டியோடு நின்றுகொண்டிருப்பான். அவன் அண்ணன் ஒரு பிரதி கேட்டு நடந்து நடந்து அலுத்துப்போனார்.

பீரங்கிகளுக்குக் கிரீஸ் தடவி, கான்வாஸ் மூடி, லாரியில் கோத்து இழுத்துப் போனார்கள். எங்கள் பழைய மேஜர் அப்போது ரிட்டயராகி இருந்தார். இருந்தாலும் சிவிலியன் கோட்டு போட்டுக்கொண்டு வந்திருந்தார். கம்பத்திலிருந்து மணியைத் தன் கையாலேயே அவிழ்த்தார். எல்லோர் முன்னிலையிலும் மாரிமுத்துவிடம் கொடுத்தார்.

"இதை அடிச்சவன் நீ. நீயே வெச்சுக்க" என்றார். அவருக்குத் தமிழ் நன்றாக வரும்.

அவரும் இப்போது இல்லை.

ஆனைக்கு ஒரு மணி

மாரிமுத்து தோட்டத்து வேலையிலிருந்து நின்றபின் கூடலூரை ஒட்டிய ஸ்ரீமதுரைப் பக்கம் ஒரு சின்னக் குடியிருப்பில் ஊடு கட்டிக்கொண்டான். சுற்றிலும் இஞ்சி, வாழை, பாக்கு, அதைத் தாண்டினால் காடு. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரே மகள் திருப்பூரில்.

அந்தப் பக்கம் ஆனை நடமாட்டம். விடியற்காலையில் பனிமூட்டத்தில் தேயிலை பறிக்கப் போகிற பெண்கள் வளைவு திரும்பினால் எதிரே ஆனை நிற்கும். மாரிமுத்து தன் வாசலுக்கு மேலே மேட்டில் ஒரு சில்வர் ஓக் மரத்தில் மணியைக் கட்டினான். அங்கிருந்து பார்த்தால் காட்டு விளிம்பு முழுக்கத் தெரியும். விடிவதற்கு முன்னாலேயே போர்வையைப் போர்த்திக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்துவிடுவான். ஆனை இறங்கினால் விடாமல் அடிப்பான். அது காடேறியதும் மூன்று அடி. சத்தம் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்கும்.

சட்டமும் அதேதான். அவன் ஆல் கிளியர் அடிக்காமல் ஒருவரும் கதவு திறக்கக்கூடாது. குழந்தைகளுக்குக்கூட மனப்பாடம். பெள்ளி கதையை ஒவ்வொரு வீட்டிலும் சொல்லி வைத்திருந்தான்.

ஒரு தடவை நான் போயிருந்தபோது, "இங்கயும் எதிரி வந்துட்டான் பாரு" என்று கிண்டல் செய்தேன்.

"எதிரின்னு சொல்லாதீங்க அண்ணே. அது அது வழியில போகுது. நாமதான் குறுக்க லயம் கட்டி உக்காந்திருக்கோம்" என்றான். லயம் என்றால் சிலோனில் தொழிலாளர் குடியிருப்பு வரிசை. கடைசிவரை அவனுக்கு எல்லா வீடும் லயம்தான்.

மணி அங்கே தொங்கிய காலமெல்லாம் அந்தக் குடியிருப்பில் ஒருவரையும் ஆனை தொடவில்லை. வாசகர் கவனிக்க வேண்டும். இங்கேயும் அவன் எதையும் வீழ்த்தவில்லை.

மோப்பநாய் வந்த கதை

போன வருடம் பக்கத்து மேட்டில் ஒரு புது தங்கும் விடுதி திறந்தார்கள். அங்கே தங்க வந்த ஒரு புண்ணியவான் காலை நடையில் மணியைப் பார்த்து செல்போனில் படம் எடுத்து, மரத்தில் தொங்கும் பீரங்கிக் குண்டு, இந்த ஊர் பாதுகாப்பானதா என்று எழுதிப் போட்டுவிட்டார். கீழே மாரிமுத்து உட்கார்ந்திருந்தான். அவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

மறுநாள் போலீஸ். அதற்கடுத்து வெடிகுண்டு நிபுணர்கள். மோப்பநாய். மணலை மூட்டை கட்டி மரத்தைச் சுற்றி அடுக்கினார்கள். குடியிருப்பையே காலி செய்யச் சொன்னார்கள். நீளமான கயிறு கட்டித் தூரத்திலிருந்து இழுத்தார்கள். மணி அறுந்து விழுந்து பாறையில் பட்டு அதன் வழக்கமான சத்தத்தை எழுப்பியது. மோப்பநாய் அதை மோந்து பார்த்துவிட்டுப் போய் நிழலில் படுத்துக்கொண்டது. அன்றைக்கு அங்கே வந்தவர்களில் அதற்குத்தான் விஷயம் புரிந்திருக்கிறது.

காலி ஓடு என்று நிபுணர்களே சொல்லிவிட்டார்கள். அதோடு விட்டிருக்க வேண்டுமா இல்லையா? விடவில்லை. முதலில் போட்ட வெடிபொருள் வழக்கை எடுக்காமல், ராணுவச் சொத்து தனி ஆள் கையில் எப்படி என்று பிடித்துக்கொண்டார்கள். மாரிமுத்து தினமும் ஸ்டேஷனுக்கு வர வேண்டும் என்றார்கள். அவன் எனக்குப் போன் செய்தான். நான் குன்னூரிலிருந்து ஊட்டி, ஊட்டியிலிருந்து கூடலூர் என்று பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தேன். அந்த மேஜைக்கு முன்னால் நின்றது அப்போதுதான்.

"யூனிட்ல இருந்து, இது இவருக்குக் கொடுத்ததுதான்னு ஒரு சர்டிபிகேட் வாங்கிட்டு வாங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

"யூனிட்டைக் கலைச்சுட்டாங்க சார்."

"அப்ப அவங்க ஆபீஸ்ல."

"ஆபீஸும் இல்லைங்க. கொடுத்த மேஜரும் இல்லைங்க. அன்னைக்கு வரிசையில நின்னு பாத்தவன் நான் இருக்கேன். என் பேச்சை எழுதிக்கங்க."

"உங்க பேச்சை வெச்சு நான் என்ன பண்றது? இல்லாத யூனிட்டைப் பத்தி யார் வேணா எதுவும் சொல்லலாம்."

இல்லாத யூனிட். இரண்டு வார்த்தை. என் காதெல்லாம் சுட்டது.

"ஏனுங்க, ஆனை வந்தா அந்த ஜனங்களுக்கு யார் சொல்லுவாங்க? நீங்க வந்து சொல்லுவீங்களா?" என்று கத்தினேன்.

"சத்தம் போடாதீங்க பெரியவரே. மேலிடத்துல கேட்டிருக்கேன். பதில் வரட்டும்."

மாரிமுத்து வராந்தாவிலிருந்து எழுந்து வந்து என் தோளைத் தொட்டான். "வாங்க அண்ணே. மணி போனா போகுது. ஊட்டுல தட்டு இருக்கு" என்றான்.

பஸ் ஸ்டாண்டில் எனக்கு டீயும் வர்க்கியும் வாங்கிக் கொடுத்தான். தான் எதுவும் சாப்பிடவில்லை. பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாகக் கையை நீட்டினேன். பிடித்துக்கொண்டு, "உடம்பைப் பாத்துக்கங்க, சும்மா கோவப்படாதீங்க" என்றான்.

தட்டு

மணியை மேட்டிலிருந்து அடிக்கலாம். தட்டை அடிக்க முடியாது. இதுதான் விஷயம். இதை அந்த ஸ்டேஷனில் யாருக்கும் விளக்க என்னால் முடியவில்லை.

எவர்சில்வர் சாப்பாட்டுத் தட்டில் கரண்டியால் தட்டினால் நாலு வீட்டுக்குக் கேட்கும். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் கேட்காது. அதனால் மாரிமுத்து இறங்கி நடக்க வேண்டியிருந்தது. வண்டிப்பாதையில் வீடு வீடாகத் தட்டிக்கொண்டே போக வேண்டியிருந்தது. அந்த வயதில், அந்த ஈரத்தில், ஆனை எங்கே நிற்கிறதென்று தெரியாத பனிமூட்டத்தில்.

மேலிடத்துப் பதில் வருவதற்கு முன் ஆனை வந்துவிட்டது.

அன்று காலை நடந்ததை அவன் பக்கத்து வீட்டு சாரதா எனக்குச் சொன்னாள். தேயிலை பறிக்கிறவள், இரண்டு பிள்ளைகளின் தாய், பேச்சில் மலையாளம் கலக்கும். தட்டுச் சத்தம் அவள் வாசலைத் தாண்டிப் போனதைக் கேட்டிருக்கிறாள். பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தியிருக்கிறாள். சத்தம் கீழே ஓடைமேல் இருக்கும் கல்வெர்ட் பக்கம் போய்த் தேய்ந்து நின்றுவிட்டது. பிறகு எல்லோரும் உள்ளேயே காத்திருந்தார்கள்.

மூன்று தட்டுக்காகக் காத்திருந்தார்கள்.

விடிந்தது. வெயில் ஏறியது. ஒருவரும் கதவைத் திறக்கவில்லை. ஆம்பிளைகள் இருந்தார்கள், பயந்தவர்கள் இல்லை. ஆனால் அவன் சொல்லிச் சொல்லி வளர்த்த ஊர். அடிக்காமல் வெளியே வரக்கூடாது. பெள்ளிக்கு என்ன ஆனது என்று எல்லோருக்கும் தெரியும். கடைசியில் வனத்துறை ஜீப் வந்து ஹாரன் அடித்த பிறகுதான் கதவுகள் திறந்தன.

கல்வெர்ட்டுக்குக் கீழே கிடந்தான். உயிர் இருந்தது. தட்டு நசுங்கிப் பக்கத்தில் கிடந்தது. ஊட்டிக்குக் கொண்டுபோகும் வழியில், மலையேறும்போது, ஜீப்பிலேயே போய்விட்டான். கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். அதை ஏன்தான் சொல்கிறார்களோ.

சாரதா ஜீப்பில் அவன் தலையை மடியில் வைத்திருந்தாள். "ஒரே ஒரு தடவை கண்ணு திறந்துச்சு. எல்லாரும் உள்ளதானேன்னு கேட்டுச்சு. உள்ளதான் அண்ணான்னு சொன்னேன்" என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அண்ணன் அடிக்கலல்லோ. அடிக்காம எங்ஙன வெளிய வர்றது? சொல்லுங்க. நாங்க செஞ்சது தெற்றா?"

தப்பு இல்லை என்றேன். தப்பு யாருடையது என்று எனக்குத் தெரியும். ஒரு மேஜை மேல் அட்டை கட்டிப் படுத்துக் கிடந்தது அந்தத் தப்பு.

மூன்று அடி

அடக்கத்துக்கு மகள் திருப்பூரிலிருந்து வந்தாள். பட்டாளத்து மரியாதை ஏதாவது கிடைக்குமா என்று நான் நாலு இடத்துக்குப் போன் செய்தேன். எல்லா இடத்திலும் முதல் கேள்வி, எந்த யூனிட்? சொன்னேன். எல்லா இடத்திலும் அப்படி ஒரு யூனிட் பட்டியலில் இல்லையென்று போனை வைத்தார்கள். பியூகிள் இல்லை. கொடி இல்லை. நான் பழைய தொப்பியைப் போட்டுக்கொண்டு தனியாக நின்று சல்யூட் அடித்தேன்.

மண் மூடிய பிறகு ஜீப் வந்தது. இன்ஸ்பெக்டர் இறங்கினார். கையில் ஒரு சாக்குப் பை. அதற்குள் மணி. வெள்ளை அட்டையைக் கழற்றியிருந்தார்கள்.

"மேலிடத்துல விடச் சொல்லிட்டாங்க. வழக்கு ஒண்ணும் இல்லை" என்றார். அவர் முகத்தைப் பார்த்தால் அவரும் தூங்கவில்லை என்று தெரிந்தது. அதற்காக நான் கோபத்தைக் குறைத்துக்கொள்ளவில்லை. இப்போதும் குறைக்கவில்லை.

"நீங்க ஒரு தடவை அடிங்க ஐயா. அவருக்கு மரியாதையா இருக்கும்" என்றார்.

"உங்க கையில இருந்து வாங்கி அடிச்சா அவனுக்கு மரியாதையா? கீழ வெச்சுட்டுப் போங்க" என்றேன். வைத்துவிட்டுப் போனார்.

நானும் சாரதாவின் புருஷனும் மேட்டுக்கு ஏறி அதே சில்வர் ஓக்கில் மணியைக் கட்டினோம். மரப்பட்டையில் பழைய கயிறு அறுத்த தடம் அப்படியே இருந்தது. மரத்தடியில் அவன் உட்காரும் கல். ஊர் முழுக்கப் பின்னால் வந்து நின்றது.

"இனி ஆரு அடிக்கும்?" என்று சாரதா கேட்டாள்.

நான் இதற்கு யோசித்து வைத்திருக்கவில்லை. வாயில் தானாக வந்தது. "யார் ஆனையைப் பாக்கறீங்களோ அவங்க அடிங்க. ஆல் கிளியர் யார் வேணுமின்னாலும் அடிக்கலாம். ரொம்ப நேரம் அடிக்கலையின்னா உள்ளயே உக்காந்திருக்காதீங்க. நாலு பேர் டார்ச்சோட, பட்டாசோட கெளம்பிப் போய் அடிச்ச ஆளைத் தேடுங்க."

பிறகு சாரதா தயங்கித் தயங்கிச் சொன்னாள். "அது உங்க பட்டாளத்துச் சட்டமல்லோ. மாற்றக்கூடாதுன்னு அண்ணன் சொல்லும்."

"பட்டாளம் இல்லம்மா. கலைச்சாச்சு."

முப்பது வருடத்தில் இந்த வார்த்தையை நான் என் வாயால் சொன்னதே கிடையாது. யார் கேட்டாலும் எங்கள் ரெஜிமென்ட் என்றுதான் சொல்வேன், ஏதோ மலைக்குக் கீழே இன்னும் கூடாரம் அடித்து இருப்பதைப்போல. மைதானத்தில் ஓர் அதிகாரி காகிதத்தைப் படித்ததால் அது கலைந்துவிட்டதாக நானும் மாரிமுத்துவும் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. எங்களிடம் அந்த ஒரு சட்டம் இருந்தது. அதை மேட்டின் மேல் நின்று என் கையாலேயே எடுத்துவிட்டேன்.

போல்ட்டை எடுத்தேன். அவன் அன்று காலை தட்டில் ஆரம்பித்த ஆபத்து மணி இன்னும் முடியாமல்தான் இருந்தது. அதை முடிக்க வேண்டியவன் கீழே மண்ணுக்குள் இருந்தான். அடிக்க எனக்கு உரிமை இல்லை.

இடைவெளி விட்டு மூன்று அடி அடித்தேன்.

சத்தம் பள்ளத்தைத் தாண்டிப் போய் அடங்கியது. எல்லோரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். ஒருவரும் வீட்டுக்குத் திரும்பவில்லை. சாரதாவின் சின்ன மகள் மட்டும் கீழே கல்வெர்ட் பக்கம், வண்டிப்பாதையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாரிமுத்து தாத்தாதானே அடிக்கணும்?" என்று அவள் அம்மாவிடம் கேட்டாள்.